செஞ்சோற்றுக் கடன்: ‘கர்ணன்’ திரைப்படத்தின் நிறையும் குறையும்

கமுந்திங் என்பது ஒரு செடியின் பெயர். இளஞ்சிவப்புப் பூவும் கருநீலப் பழமும் உடைய அந்தக் காட்டுச் செடியின் பெயரையே பேராக் மாநிலத்தின் லாருட் வட்டாரத்து ஊர் ஒன்றும் தாங்கி நிற்கிறது. அதற்கு முன்னர் அவ்வூர் ஈயச் சுரங்கத்தால் பெயர் பெற்றிருந்தது. கிளியான் பாவ், கிளியான் பாரு என்னும் இரு சுரங்கக் குடியிருப்புகளுள் முன்னது தைப்பிங் ஆயிற்று. பின்னது கமுந்திங் ஆயிற்று. 1874-ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின்னர் அங்கு ஆங்கில ஆட்சி வேரூன்றியது. 1885-இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே மலாயாவின் முதல் இரயில் ஓடியது. அந்தத் தண்டவாளத்தை அமைக்க இலங்கையிலிருந்து தொழிற்படையினர் வரவழைக்கப்பட்டனர். பின்னர் இரப்பர் வந்தது. இரப்பரோடு தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மக்கள் வந்தனர்.

வந்தவர்களிடம் பொன்னும் பொருளும் இல்லை. ஆயினும் அவர்கள் வெறுங்கையோடு வந்தாரல்லர். மாரியம்மனும் முனியாண்டியும் அவர்களோடு கப்பலேறினர். பாரதக் கதையும் உடன் வந்தது. நாள் முழுதும் பால்மரத்தோடு போராடியவர்கள் திருவிழா இரவுகளில் கூத்திலும் கதைப்பாட்டிலும் தம் துயர் மறந்தனர். அந்தக் கதைகளில் வந்த வீரர்களுள் தோட்டத்து மக்களின் நெஞ்சில் தனியிடம் பெற்றவன் கர்ணன். பிறப்பால் இகழப்பட்டவன், கொடுத்தே அழிந்தவன், உண்ட சோற்றுக்காக உயிரைத் தந்தவன் என்பதால் அவன் அவர்களுக்கு உறவினன் போலானான்.

அந்த உறவினன் 1964-ஆம் ஆண்டில் வண்ணத்திரையில் தோன்றினான். பி. ஆர். பந்துலு தயாரித்து இயக்கிய ‘கர்ணன்’ அவ்வாண்டு பொங்கல் திருநாளில், சனவரி 14-ஆம் நாள், வெளிவந்தது. அப்படத்தின் நிறைகளையும் குறைகளையும் வரலாற்று நோக்கில் ஆராய்வது பயனுடைய முயற்சியாகும். தமிழ் மாணவர் பலர் மகாபாரதத்தைப் படித்து அறிந்ததைவிட இந்தப் படத்தைப் பார்த்து அறிந்ததே மிகுதி. ஆகவே அப்படம் எதைக் கற்பித்தது, எதைக் கற்பிக்காமல் விட்டது என்னும் வினா ஆசிரியர்களின் பொறுப்பிற்குரியதாகிறது.

வீரர்கள் கூடும் கதை

தனித்தனிக் கதைகளுக்குரிய வீரர்கள் பலரை ஒரே திரைப்படத்தில் கூட்டிவைக்கும் முறை இக்காலத்தில் உலகெங்கும் பெரும் வணிகமாகியுள்ளது. 2012-இல் வெளிவந்த ‘அவெஞ்சர்ஸ்’ என்னும் அமெரிக்கப் படம் அதற்குச் சான்று. இரும்புக் கவசம் அணிந்தவனும் இடியின் கடவுளும் பச்சைநிற அரக்கனும் அதில் ஓரணியில் நின்றனர். 2019-இல் வந்த அவ்வரிசைப் படம் ஒன்று உலக அளவில் 270 கோடி டாலருக்கும் மேல் ஈட்டியது. இளைஞர்கள் இதனைப் புதுமை எனக் கருதுகின்றனர்.

தமிழ்த் திரைக்கு இது புதிதன்று. 1957-இல் வந்த ‘மாயாபஜார்’ படத்தில் கண்ணனும் கடோற்கசனும் அபிமன்யுவும் ஒரு திருமணத்தை முன்னிட்டுக் கூடினர். இன்னும் ஆழ்ந்து நோக்கினால், வீரர்களை ஒரு களத்தில் கூட்டும் இந்த உத்திக்கு மகாபாரதமே மூத்த எடுத்துக்காட்டாகும். வீடுமனுக்குத் தனிக்கதை உண்டு, துரோணனுக்கும் உண்டு, கண்ணனுக்குத் தனிக்காவியமே உண்டு. அவர்கள் அனைவரும் குருக்கேத்திரத்தில் வந்து சேர்கின்றனர். கவசத்தோடு பிறந்த ஒருவன், பாம்பையே அம்பாகத் தொடுக்கும் ஆற்றல் பெற்ற ஒருவன், தன் கவசத்தைத் தானே அறுத்துக் கொடுத்துவிட்டுப் போர்க்களம் புகுகிறான் என்பது எந்நாட்டுக் கற்பனைக்கும் சளைத்ததன்று.

இத்தகைய படங்களுக்கு ஒரு பொது இடர் உண்டு. வீரர் பலராகும்போது ஒவ்வொருவர்க்கும் உரிய இடம் சுருங்கும். காட்சியின் பெருமை கூடும்போது கதையின் நுண்மை குறையும். பொருட்செலவு மிகுந்தால் எல்லாரையும் மகிழ்விக்க வேண்டிய கட்டாயமும் மிகும். ‘கர்ணன்’ இந்த இடர்களை எவ்வாறு எதிர்கொண்டது என்பதைக் கொண்டே அதனை மதிப்பிட வேண்டும்.

படம் உருவான வகை

பந்துலு கன்னடமும் தமிழும் வல்ல நாடகக் கலைஞராக இருந்து திரைத்துறைக்கு வந்தவர். பத்மினி பிக்சர்ஸ் என்னும் தம் நிறுவனத்தின் வழியாக 1959-இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, 1961-இல் ‘கப்பலோட்டிய தமிழன்’ ஆகிய படங்களை வழங்கினார். கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசன் 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இருவரும் வரலாற்று நாயகர்களைத் திரைக்குக் கொணர்ந்த பின்னர் இதிகாச நாயகனை நாடியது இயல்பே.

கர்ணனாகச் சிவாஜி கணேசன் நடித்தார். கண்ணனாக நடிக்க ஆந்திரத்து என். டி. இராமராவ் அழைக்கப்பட்டார். அவர் ‘மாயாபஜார்’ படத்திலேயே கண்ணனாகப் புகழ் பெற்றவர். இரு மொழித் திரையுலகங்களின் முதன்மை நடிகர்கள் ஒரே படத்தில் எதிரெதிர் நின்றதே அக்காலத்தில் பெரும் செய்தி. துரியோதனனாக எஸ். ஏ. அசோகனும், அருச்சுனனாக ஆர். முத்துராமனும், குந்தியாக எம். வி. ராஜம்மாவும், பானுமதியாகச் சாவித்திரியும், கர்ணன் மனைவி சுபாங்கியாகத் தேவிகாவும் நடித்தனர். உரையாடலைச் சக்தி கிருஷ்ணசாமி எழுதினார். பாடல்களைக் கண்ணதாசன் இயற்ற, விசுவநாதன் இராமமூர்த்தி இருவரும் இசையமைத்தனர்.

ஈஸ்ட்மன் வண்ணத்தில் படமாக்கப்பட்ட இப்படத்திற்காக வடநாட்டு அரண்மனைகளும் திறந்த போர்க்களமும் படப்பிடிப்புக் களங்களாயின. யானைகளும் குதிரைகளும் தேர்களும் பெருங்கூட்டமாகத் திரட்டப்பட்டன. பெரும்பாலான தமிழ்ப் படங்கள் கறுப்பு வெள்ளையில் சில இலட்சங்களில் முடிந்த காலத்தில் இதன் செலவு அவற்றினும் பன்மடங்காக இருந்தது.

நிறைகள்

இப்படத்தின் முதல் நிறை, அது தமிழ் மரபில் காலூன்றி நிற்பதாகும். பாரதம் தமிழில் பலமுறை பாடப்பெற்றது. ஒன்பதாம் நூற்றாண்டில் பெருந்தேவனார் பாரத வெண்பா பாடினார். பின்னர் வில்லிபுத்தூரார் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களால் தமிழ்ப் பாரதம் செய்தார். கர்ணன் தான் செய்த அறத்தின் பயன் அனைத்தையும் அந்தணன் வடிவில் வந்த கண்ணனுக்குத் தாரை வார்க்கும் நிகழ்ச்சி வியாசர் நூலில் இல்லை. அது வில்லியின் காப்பியத்தில் ஒளிர்வது; ‘கர்ண மோட்சம்’ என்னும் தெருக்கூத்தின் வழியாக ஊர்தோறும் பரவியது. நாகக்கணையை ஒருமுறைக்கு மேல் விடுவதில்லை எனக் குந்திக்குக் கர்ணன் தரும் வாக்குறுதியும் தமிழ் மரபு போற்றி வந்ததே. பந்துலு இவற்றையே படத்தின் உச்சமாகக் கொண்டார். வடநாட்டு அரண்மனையில் படம் பிடித்தாலும், படத்தின் இதயம் தமிழ்க் கூத்துக் களரியிலேயே துடிக்கிறது. பாட்டன் கூத்தில் கண்ட கதையைப் பேரன் திரையில் கண்டான். இந்தத் தொடர்ச்சி சிறிய பேறன்று.

இரண்டாம் நிறை, பிறப்பைப் பற்றிய வினாவை அது எழுப்பிய விதம். அரங்கேற்றக் களத்தில் வில்லேந்தி நிற்கும் இளைஞனை நோக்கி, அவன் குலம் யாது என்று கேட்கின்றனர். அவன் திறமையை யாரும் மறுக்கவில்லை. திறமையைக் காட்ட அவனுக்கு உரிமை உண்டா என்பதே வினா. அவையோர் முன்னிலையில் தலைகுனியும் அந்தக் காட்சியில் சிவாஜி பேசும் சொற்களைவிடப் பேசாத கணங்களே மிகுந்த பொருளுடையவை. சாதியின் பெயராலும் வறுமையின் பெயராலும் தலைகுனிந்த மக்கள் திரளுக்கு அது வெறும் இதிகாசக் காட்சியாக இருந்திருக்க முடியாது. தேரோட்டி மகன் முடிசூடும் கணத்தில் எழுந்த கரவொலி, பால்வெட்டுத் தொழிலாளி தன் மகனைப் பற்றிக் கண்ட கனவின் ஒலியுமாகும்.

மூன்றாவது, மொழி. சக்தி கிருஷ்ணசாமியின் உரையாடல் செந்தமிழின் ஓசைநயமும் மேடைத் தமிழின் எடுப்பும் கொண்டது. தமிழகத்திற்கு வெளியே வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இவ்வகை உரையாடல் ஒரு வாய்மொழிப் பாடநூலாக விளங்கியது. ழகரமும் ளகரமும் பிழையின்றி ஒலிக்கக் கற்றவர்கள், பள்ளி மேடையில் கர்ணனாகவும் கட்டபொம்மனாகவும் முழங்கிய மாணவர்கள், மலேசியத் தமிழ்ப் பள்ளிகளில் பலர். இலக்கணப் பாடத்தில் அயர்ந்த மாணவனும் திரை உரையாடலை மனப்பாடமாகச் சொல்வான் என்பது தமிழாசிரியர் அறிந்த உண்மை.

நான்காவது, இசை. கதை வடநாட்டில் நிகழ்வதால் இந்துஸ்தானி இசையின் சாயலையும் வடநாட்டு இசைக்கருவிகளின் நாதத்தையும் இசையமைப்பாளர்கள் கலந்தனர். எனினும் பாடல்கள் அயலாகத் தோன்றவில்லை. கர்ணனின் கொடையைப் புகழும் அவைக்காட்சியில் சீர்காழி கோவிந்தராஜன், திருச்சி லோகநாதன், டி. எம். சௌந்தரராஜன், பி. பி. ஸ்ரீநிவாஸ் ஆகிய நால்வர் குரலும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கின்றன. பல குரல்களைக் கூட்டினாலும் ஒவ்வொன்றும் தன் தனித்தன்மையை இழக்காமல் இருப்பது எவ்வாறு என்பதற்கு அக்காட்சி நல்ல பாடம். வீரர் பலரைக் கூட்டும் படங்கள் கற்க வேண்டியதும் இதுவே.

ஐந்தாவது, எதிர்நிலைப் பாத்திரங்களின் உயர்வு. அசோகனின் துரியோதனன் வெறும் கொடியவன் அல்லன். நண்பனை ஐயுறாத பெருந்தன்மையும் அவனிடம் உண்டு. பானுமதியோடு கர்ணன் சொக்கட்டான் ஆடும்போது, அவள் மணிகள் அறுந்து சிதறிய இடத்தில் துரியோதனன் காட்டும் நம்பிக்கை தமிழ்ப் பாரதம் போற்றும் நட்பின் இலக்கணம். இராமராவின் கண்ணனோ புன்னகைக்குள் கடுமையை வைத்திருப்பவன். அன்பும் சூழ்ச்சியும் ஒரே முகத்தில் தோன்றுவதால், அவன் கடவுளா அரசியல் அறிஞனா என்ற ஐயம் பார்ப்பவர் நெஞ்சில் எழுந்துகொண்டே இருக்கிறது.

குறைகள்

இத்துணை நிறைகள் உடைய படத்தின் குறைகளை எடுத்துரைப்பது அதனைச் சிறுமைப்படுத்துவதாகாது. பாராட்டு மட்டுமே கல்வி ஆகாது.

முதற்குறை, நாயகனைத் தூய்மைப்படுத்தியமை. வியாசரின் கர்ணன் பிழையில்லாதவன் அல்லன். சூதாட்ட மண்டபத்தில் திரௌபதி இழுத்துவரப்பட்டபோது அவளை இழித்துப் பேசியவர்களுள் அவனும் ஒருவன். அவள் ஆடையைக் களையச் சொன்னதும் அவனே. பின்னாளில் துரியோதனனை மகிழ்விக்கப் பாண்டவரைப் பழித்துரைத்ததற்காகத் தான் வருந்துவதாக அவனே கண்ணனிடம் கூறுகிறான். தேர்ச்சக்கரம் மண்ணில் புதைந்த வேளையில் அவன் அறத்தைத் துணைக்கு அழைக்கும்போது, அந்த அறம் சூதாட்ட மண்டபத்தில் எங்கே போயிருந்தது என்று கண்ணன் கேட்கும் கேள்வி வியாச பாரதத்தின் கூர்மையான இடங்களுள் ஒன்று. படத்தில் இந்தப் பக்கம் உரிய எடை பெறவில்லை. கேள்வியின் கூர்மை கண்ணீரில் கரைந்துவிடுகிறது.

விளைவு என்ன? தவறு செய்து, தவற்றை உணர்ந்து, உணர்ந்தும் மீள முடியாமல் அழியும் ஒரு மனிதனுக்கு மாறாக, எல்லாராலும் வஞ்சிக்கப்பட்ட ஒரு நல்லவன் திரையில் நிற்கிறான். முன்னவன் துன்பியல் நாயகன், பின்னவன் இரக்கத்திற்குரியவன். இரக்கம் கண்ணீரோடு முடிந்துவிடும். துன்பியல் நாயகனோ பார்ப்பவனைத் தன்னைத்தானே ஆராயச் செய்வான். மேலும், ஆணின் பெருமையைக் காக்கும் பொருட்டு ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமை ஓரங்கட்டப்பட்டது என்பதையும் மாணவியர் அமர்ந்திருக்கும் வகுப்பறையில் மறைத்தல் முறையன்று.

இரண்டாவது, காட்சிப் பெருமை கதையின் நடையைத் தடுக்கும் இடங்கள் உள்ளன. சுபாங்கியின் காதலும் திருமணமும் மூலக்கதையில் இல்லாத விரிவு. கர்ணனை மருமகனாக ஏற்க மறுக்கும் மாமனாரின் ஆணவம் குலப்பெருமையின் கொடுமையைக் காட்டப் பயன்படுகிறது என்பது உண்மையே. ஆயினும் அரண்மனைகளையும் ஆடை அணிகளையும் காட்டுவதற்காகவே சில பாடற்காட்சிகள் நீள்கின்றன. மறுபுறம் போர்ப்பகுதி விரைந்து முடிகிறது. பதினெட்டு நாள் போரின் பெருஞ்சுமையைத் தாங்கிய வீடுமனும் துரோணனும் அபிமன்யுவும் சில காட்சிகளில் தோன்றி மறைகின்றனர். பொருளும் படையும் திரட்டிய படத்தில் போர்க்களத்தின் துயரம் முழுதும் வெளிப்படவில்லை.

மூன்றாவது, நடிகரின் ஒளி பாத்திரங்களின் அளவை மாற்றியமை. சிவாஜி, இராமராவ் இருவரின் புகழுக்கு முன்னர் அருச்சுனன் சிறுத்துவிட்டான். கர்ணனுக்கு நிகரான எதிரி அருச்சுனன் ஆதல் வேண்டும். படத்திலோ அவ்விடத்தைக் கண்ணன் எடுத்துக்கொள்கிறான். வீரனுக்கும் வீரனுக்கும் நடக்கும் போர், மனிதனுக்கும் கடவுளுக்கும் நடக்கும் போராகி, முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டதாகத் தோன்றுகிறது. புகழ்பெற்ற நடிகர்களைக் கூட்டும் படங்கள் எல்லாவற்றிற்கும் உரிய நோய் இது.

நான்காவது குறை, எல்லாவற்றினும் ஆழமானது. செஞ்சோற்றுக் கடனைப் படம் போற்றுகிறது. ஆனால் அக்கடனுக்கு எல்லை எது என்று போதிய அளவு கேட்கவில்லை.

கடனின் எல்லை

நன்றி தமிழர் போற்றும் தலையாய பண்பு. திருக்குறளில் செய்ந்நன்றி அறிதல் தனி அதிகாரமாக உள்ளது. போரிட்ட படைகளுக்குப் பெருஞ்சோறு அளித்த சேரனைப் புறநானூறு பாடுகிறது. எனினும் அதே திருக்குறள், நண்பன் நெறி தவறும்போது முற்சென்று இடித்துரைப்பதையும் நட்பின் கடமையாக வைக்கிறது. தீ நட்பு, கூடா நட்பு என இரு அதிகாரங்களையும் தருகிறது. ஆகவே தமிழ் அறநூல் நோக்கில் கர்ணன் தன் கடனில் பாதியையே செலுத்தினான் எனலாம். உயிரைக் கொடுத்தான், அறிவுரையைக் கொடுக்கவில்லை. துரியோதனனுக்கு அவன் செய்திருக்கக்கூடிய பேருதவி, போருக்கு முன்பே அவனைத் தடுத்து நிறுத்துவதாக இருந்திருக்கும்.

இந்த வினா தமிழர்க்கு மட்டும் உரியதன்று. மலாய் இலக்கியத்தின் நடுநாயகமாக விளங்கும் ஹாங் துவா, ஹாங் ஜெபாட் கதையும் இதையே கேட்கிறது. குற்றமற்ற துவாவைக் கொல்லுமாறு மன்னன் கட்டளையிடுகிறான். நண்பனுக்கு நேர்ந்த அநீதியைப் பொறாத ஜெபாட் மன்னனை எதிர்த்துக் கிளர்கிறான். மறைத்துக் காக்கப்பட்ட துவா மீண்டு வந்து, மன்னன் ஆணைக்குப் பணிந்து தன் நண்பனையே கொல்கிறான். 1956-இல் பி. ரம்லி துவாவாக நடித்த ‘ஹாங் துவா’ படத்தை இந்தியாவிலிருந்து வந்த பணி மஜும்தார் இயக்கினார். 1961-இல் உசேன் ஹனிப் இயக்கிய ‘ஹாங் ஜெபாட்’ படம் கிளர்ந்தவன் பக்கமிருந்து அதே கதையைச் சொன்னது. ஐந்தாண்டுக்குள் ஒரே கதையின் இரு பக்கங்களும் திரையில் வைக்கப்பட்டன. மலாய்ச் சமுதாயம் தன் நாயகனை ஆராயத் தயங்கவில்லை. தமிழ்த் திரையோ கர்ணனின் மறுபக்கத்தைக் காட்டும் துணிவை அந்நாளில் பெறவில்லை.

சாவகத்திலும் கர்ணன் வாழ்கிறான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நான்காம் மங்குநகரன் இயற்றிய ‘திரிபாமா’ என்னும் நூல், போர்வீரர்க்கு முன்மாதிரியாகச் சுமந்திரி, கும்பகர்ணன், கர்ணன் ஆகிய மூவரைக் காட்டுகிறது. இந்தோனேசியாவின் முதல் அதிபர் சுகர்ணோவின் பெயரும் கர்ணன் பெயரிலிருந்து பிறந்ததே. ‘கர்ணன்’ படம் வெளிவந்த 1964-இல், அந்தச் சுகர்ணோவின் அரசு மலேசியாவோடு பகைமை பூண்டு நின்றது என்பது வரலாற்றின் விந்தை.

தோட்டப்புறத் தமிழர்க்கு இவ்வினா ஏட்டளவில் நின்றதன்று. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தையே உலகமாகக் கொண்டவர்கள் அவர்கள். விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்து, கங்காணி சொல்லும் கிராணி கணக்கும் விதித்த வழியில் நடந்து, லயத்து வீட்டில் உறங்கினர். தோட்டம் சோறு போட்டது. ஆகவே தோட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்னும் எண்ணம் அவர்களிடம் ஆழ ஊன்றியிருந்தது. 1950-களிலும் 1960-களிலும் பெருந்தோட்டங்கள் பல துண்டு துண்டாக விற்கப்பட்டன. வேலையும் வீடும் ஒருங்கே இழந்த குடும்பங்கள் செய்வதறியாது நின்றன. உழைப்பாளி சோற்றுக் கடனைத் தீர்த்துவிட்டான். ஆனால் உழைப்பின் கடனை அவனுக்குத் தீர்ப்பவர் யார்? கர்ணன் கதையில் துரியோதனன் நண்பனுக்கு நாடு தந்தான். தோட்டத் தொழிலாளிக்கு அவன் நின்ற நிலமும் சொந்தமாகவில்லை.

இந்நிலையில்தான் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் தம் சிறு ஊதியத்திலிருந்து சிறுகச் சிறுகப் பங்குப்பணம் செலுத்தித் தோட்டங்களை வாங்கினர். கொடை வேண்டாது, கூட்டாகச் சேர்ந்து உரிமை பெறும் வழி அது. ஒரு தனி வீரனுக்காகக் காத்திராமல் பலர் கூடி ஒருவரையொருவர் காத்த அச்செயல், திரையில் கண்ட எந்தக் கூட்டணிக்கும் குறைந்ததன்று.

படத்தின் பிற்கால வாழ்வு

‘கர்ணன்’ வெளிவந்த அதே பொங்கலன்று எம். ஜி. இராமச்சந்திரன் நடித்த ‘வேட்டைக்காரன்’ படமும் வெளிவந்தது. சாவித்திரி இரு படங்களிலும் நடித்திருந்தார். செலவு குறைந்த ‘வேட்டைக்காரன்’ பெருவெற்றி கண்டது. ‘கர்ணன்’ பாராட்டுப் பெற்றதே தவிர, செலவுக்கேற்ற வருவாயை அந்நாளில் ஈட்டவில்லை. அவ்வாண்டிலேயே வந்த ‘முரடன் முத்து’ படத்தோடு பந்துலுவும் சிவாஜியும் பிரிந்தனர். 1965-இல் பந்துலு எம். ஜி. ஆரை நாயகனாகக் கொண்டு ‘ஆயிரத்தில் ஒருவன்’ எடுத்தார்.

கர்ணன் கதை இராமராவையும் விடவில்லை. 1977-இல் அவரே தெலுங்கில் ‘தான வீர சூர கர்ணா’ என்னும் படத்தை இயக்கி, கர்ணன், கண்ணன், துரியோதனன் ஆகிய மூன்று பாத்திரங்களையும் தாமே ஏற்றார். வீரர் பலரைக் கூட்டும் உத்தி ஒரே நடிகரின் உடலுக்குள் சென்று சேர்ந்த விந்தை அது.

2012-ஆம் ஆண்டு மார்ச்சு 16-ஆம் நாள், பழுதுற்ற படச்சுருள் எண்ணியல் முறையில் புதுப்பிக்கப்பட்டு ‘கர்ணன்’ மீண்டும் திரைக்கு வந்தது. நாற்பத்தெட்டு ஆண்டு பழமையான படம் சென்னையில் நூறு நாள்களைக் கடந்து ஓடியது. அதே ஆண்டில்தான் ‘அவெஞ்சர்ஸ்’ படமும் வெளிவந்தது. ஒருபுறம் கணினி தீட்டிய வானளாவிய போர். மறுபுறம் மண்ணில் புதைந்த ஒரு தேர்ச்சக்கரம். முதலாவதில் வீரர்கள் உலகைக் காத்து வெல்கின்றனர். இரண்டாவதில் வீரன் தோற்கிறான். தன்னிடம் எஞ்சியிருந்த புண்ணியத்தையும் பகைவனின் தேரோட்டிக்கே கொடுத்துவிட்டு இறக்கிறான். வெற்றியைக் காட்டும் கதைகளுக்கு நடுவே தோல்வியின் மாண்பைச் சொல்லும் கதைக்கும் இளைஞர்கள் கூடினர் என்பது நம்பிக்கை தரும் செய்தி.

வகுப்பறையில் கர்ணன்

தோட்டத் திடலில் இரு கம்பங்களுக்கிடையே வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டிய காலம் போய்விட்டது. பாய் விரித்துத் தரையில் அமர்ந்து, திரையின் இருபுறமும் இருந்து பார்த்த மக்களும் நகர்ப்புறக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்துவிட்டனர். கமுந்திங்கைச் சுற்றியிருந்த மரக்காடுகளின் இடத்தில் தொழிற்சாலைகளும் வீடமைப்புகளும் எழுந்துள்ளன. ஆயினும் கைப்பேசித் திரையில் கர்ணன் இன்றும் இறந்துகொண்டிருக்கிறான். பார்ப்பவர் இன்றும் அழுகின்றனர்.

அந்தக் கண்ணீரைத் தமிழாசிரியர் தடுக்க வேண்டியதில்லை. அதனைத் தொடக்கமாகக் கொள்ள வேண்டும். படத்தைக் கண்ட மாணவனிடம் வில்லி பாரதத்தின் கர்ணனை அறிமுகப்படுத்தலாம். அதன்பின் வியாசரின் கர்ணனைக் காட்டலாம். மூன்று கர்ணர்களையும் அருகருகே வைத்து, எவன் பெரியவன் என்று கேட்காமல், ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டிய கர்ணனை ஏன் படைத்துக்கொண்டது என்று கேட்கலாம். திரௌபதியின் இடத்திலிருந்து இக்கதை எவ்வாறு தோன்றும் என்று மாணவியர் ஒரு கட்டுரை வரையலாம். ஹாங் ஜெபாட்டும் கர்ணனும் சந்தித்தால் என்ன பேசிக்கொள்வர் என ஓர் உரையாடல் எழுதச் செய்யலாம். அவ்வாறு செய்யின், இரு இலக்கியங்களின் வீரர்கள் கூடும் புதிய கதை ஒன்று மலேசியத் தமிழ் மாணவனின் ஏட்டிலேயே பிறக்கும்.

‘கர்ணன்’ குறையற்ற படம் அன்று. அது தன் நாயகனை அளவுக்கு மேல் நேசித்தது. அந்த நேசத்தால் அவன் பிழையை மறைத்தது. ஆயினும் தலைகுனிந்த மக்களுக்கு, பிறப்பு ஒருவனின் அளவுகோல் ஆகாது என்பதை அது உரக்கச் சொன்னது. அந்த உண்மைக்காக அப்படத்திற்கு நன்றி பாராட்ட வேண்டும். நன்றி பாராட்டும்போதே அதன் தவற்றை இடித்துரைக்கவும் வேண்டும். கர்ணன் தன் நண்பனுக்குச் செய்யத் தவறிய அந்த இரண்டாம் பாதியைத் தமிழ் மாணவர் அவனுக்குச் செய்வாராயின், செஞ்சோற்றுக் கடன் முழுமையாகத் தீர்ந்ததாகும்.